டிரேடிங் முறையைக் கையால் சோதிப்பதா, மென்பொருளிலா?

மென்பொருள் சில நொடிகளில் பத்து வருட முடிவைத் தரும்போது, சார்ட் பார்த்துக் கையால் பேக்டெஸ்ட் செய்வது (டிரேடிங் விதியைப் பழைய விலைகளில் சோதிப்பது) வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. புதிதாகக் கற்பவர் கையால்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

20 நாள் சராசரி (கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரி) 50 நாள் சராசரியை மேலே கடந்தால் வாங்கு, கீழே கடந்தால் விற்றுவிடு என்ற எளிய விதியை எடுத்துக்கொள்வோம். 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் தினசரி சார்ட்டை 2019க்குக் கொண்டுபோய், வலப்பக்கத்தை மறைத்து, ஒவ்வொரு நாளாக நகர்த்துங்கள் (டிரேடிங்வியூவில் இதற்கென்றே ரீப்ளே வசதி உண்டு). ஒவ்வொரு சிக்னலையும் விலையோடு எக்செல்லில் எழுதுங்கள். உடனே ஒரு கேள்வி எழும். சராசரி கடந்தது அன்றைய முடிவு விலை வந்த பிறகுதானே தெரியும், அப்புறம் எந்த விலையில் வாங்குவது? மறுநாள் தொடக்க விலையில்தான். கோடிங்கில் இதைத் தவறவிட்டால், கிடைக்கவே முடியாத லாபத்தை மென்பொருள் காட்டும்.

சரி, கையால் செய்வதில் என்ன குறை? கண் ஏமாற்றும், பிடிக்காத சிக்னலை மனம் விட்டுவிடும். நூற்றுக்கணக்கான பங்குகளைச் சோதிக்க மென்பொருள்தான் வழி. ஆனால் இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துப் பழைய ஆண்டுகளைச் சோதிக்காதீர்கள். 2009 ஜனவரியில் சத்யம் என்ற ஐடி நிறுவனமும், 2020 மார்ச்சில் யெஸ் பேங்கும் சரிந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை. இன்றைய பட்டியலில் அவை இல்லாததால், அந்த நஷ்டங்கள் உங்கள் கணக்கில் வராமலே போகும். தரகுக் கட்டணத்தையும், பங்குப் பரிவர்த்தனைக்கான எஸ்டிடி வரியையும் கழிக்க மறக்காதீர்கள்.

மென்பொருளுக்கு மாறியதும், அது தரும் முதல் சில டிரேடுகளை உங்கள் எக்செல்லோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கோடில் பிழை இருக்கும், அல்லது விதியே தெளிவாக இல்லை.