பாலிஷ் போடாதீர்கள்!

கேள்வி: ஏற்காட்டில் நாங்கள் வாங்கிய பழைய எஸ்டேட் பங்களாவின் பரணில், 'டி.பி.' என்று பொறித்த ராணுவப் பயிற்சித் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. இத்தகைய அரிய துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசை வந்துவிட்டது. நன்றாக பாலிஷ் போட்டுக் கூடத்தில் மாட்டினால் மதிப்புக் கூடுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: பாலிஷ்! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு பதறுகிறது. சேலம் பக்கத்தில் ஒரு கோயில். குடமுழுக்குக்குச் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று அழுத்தக் காற்றில் மணலை வீசியடித்தார்கள். இளவயதில் நான் விரலால் தடவித் தடவிப் படித்த கல்வெட்டு வரிகள் மூன்றே நாளில் மழுங்கிப்போயின. நிர்வாகியிடம் சண்டைக்குப் போனேன். "பளிச்சென்று இருக்கிறதே ஐயா, இன்னும் என்ன குறை?" என்றார். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. கருங்கல்லுக்குத் தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும் என்று இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன். அந்த வரிகளை இனி யார் பொறித்துத் தருவார்கள்?

உங்கள் துப்பாக்கியும் ஒரு கல்வெட்டுதான். 'டி.பி.' என்றால் 'டிரில் பர்ப்பஸ்'. சுடுவதற்குத் தகுதியில்லை, அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ராணுவம் இட்ட முத்திரை அது. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு வகையாக இருந்தால், தோளில் பதிக்கும் மரக்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் வலப்பக்கம் பாருங்கள். கிரீடம், செய்த தொழிற்சாலை, ஆண்டு எல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். வங்காளத்து இச்சாபூரில் செய்ததா, இங்கிலாந்திலிருந்து வந்ததா என்பதை அந்த இடமே சொல்லிவிடும். கட்டையில் பித்தளை வில்லை பதித்திருந்தால் இன்னும் நல்லது. எந்தப் படைப்பிரிவினுடையது என்று அதில் வெட்டுவது அந்தக் கால வழக்கம். 1920-இல் அமைந்த ஆக்சிலரி ஃபோர்ஸ் என்ற துணைப்படையில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் பயிற்சி பெற்றார்கள். 1948-இல் தொடங்கிய என்.சி.சி.யில் நம் பிள்ளைகள் பயிற்சி பெற்றார்கள். உங்கள் பரணுக்கு வந்தது எந்த வழி என்று அந்த வில்லை காட்டக்கூடும். உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்தால் அத்தனையும் போய்விடும். பிறகு மிஞ்சுவது பளபளக்கும் இரும்புக் குழாய்.

சேகரிப்பவர்கள் தேடும் அபூர்வம் எது தெரியுமா? இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 'ஸ்விஃப்ட்' என்றொரு பயிற்சித் துப்பாக்கி செய்தார்கள். அதற்குத் தோட்டாவே கிடையாது. விசையை அழுத்தினால் முன்பக்கம் ஓர் ஊசி பாய்ந்து எதிரே உள்ள காகிதத்தில் பொத்தல் போடும். கட்டையைத் தோளில் இறுக்கி வைக்காவிட்டால் அதுவும் பாயாது. ஒரு தோட்டாவைக்கூடச் செலவழிக்காமல், பிடிக்கும் முறையைத் துப்பாக்கியே கற்றுக்கொடுத்துவிடும்! செய்தவரின் மூளையைக் கையெடுத்துக் கும்பிடலாம். என் பள்ளி நாளில் இப்படி ஒரு பேனா இருந்திருந்தால் சேலம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளின் கையெழுத்து திருந்தியிருக்கும்.

ஆசை இருக்கட்டும், சட்டம் முதலில். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். "பழுதுபார்த்தாலும்" என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். குழலில் துளையிட்டிருக்கிறதே, தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி இல்லையே என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஏற்காடு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கூடத்தில் மாட்டுவதும் மேலும் சேகரிப்பதும் அதற்குப் பிறகு.

காவல் நிலையத்தார் உங்களிடமே இருக்கலாம் என்றால், ஏற்காட்டு ஈரத்துக்கு இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் கொஞ்சம், மென்மையான துணி. இவ்வளவுதான். அந்தப் பித்தளை வில்லை இருந்தால், தேய்க்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம்.