மேலதிக நேரம்

ஐயா,
கிளிநொச்சி அறிவியல்நகரில், பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். 2009 இல் ஷெல் பட்டு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கலாமாம். நான் கேட்கவில்லை, மற்றப் பிள்ளைகளுக்கு அது அநியாயம். சிநேகிதிகள் வீம்பு என்கிறார்கள். நான் செய்வது பிழையா? மடிக்கணினியில் எழுத விடுவார்களா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

மடிக்கணினி விஷயத்தைப் பீடத்தில்தான் கேட்கவேண்டும். சிநேகிதிகள் சொன்னதைக் காதில் போடாதீர்கள்.

கேட்கக் கூசுவது ஏன் என்று வன்னியில் இருந்தவர்களுக்கு விளங்கும். மீள்குடியேறிய புதிதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருந்தான், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. உதவி கொடுக்க வருகிறவர்கள் கோழிக்கூட்டையோ தையல் மெஷினையோ தாயிடம் கொடுத்துவிட்டுப் படம் எடுப்பார்கள். படத்தில் அவனுடைய கால் தெரியவேண்டும். கொஞ்ச நாளில், வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டாலே, ஒருவரும் சொல்லாமல் அவனே காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு படலையடியில் வந்து நிற்பான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அதைப் பார்த்த எனக்கு, கேட்காமல் இருக்கிற பிள்ளைகளை வீம்பு பிடித்தவர்கள் என்று சொல்ல வாய் வராது.

ஆனால் 'அநியாயம்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. என்ன அநியாயம்? வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம் என்று போட்டவர் பத்து விரலும் உள்ள ஒருவர் எழுதுகிற வேகத்தை வைத்துத்தான் போட்டிருப்பார். விடை தெரிந்தும் கை உளைந்து கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வந்தால், அந்தப் புள்ளி உங்கள் படிப்பைப் பற்றி என்ன சொல்லும்? இன்னும் அரை மணித்தியாலம் தந்தால் தெரியாத விடை தெரியவந்துவிடுமா? இது கோழிக்கூடு இல்லை, தங்கச்சி. இயலாமையைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே சொல்லிவிட்டது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றி 2016 இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, உயர்கல்வியிலும் அவரவருக்குத் தேவையான வசதியைச் செய்துகொடுக்கவேண்டும் என்கிறது. உள்ளே எடுத்த பிள்ளை எழுதி முடிக்க வழி செய்வது அவர்கள் கடமை. நீங்கள் ஏன் குற்றவாளி மாதிரி ஒதுங்கி நிற்கிறீர்கள்?

கேட்பதும் விடுவதும் உங்கள் முடிவு. களைத்துப்போனேன், இன்னொரு தரம் விளக்கம் சொல்ல ஏலாது என்று விட்டால் விடுங்கள், நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். அநியாயம் என்று நினைத்து மட்டும் விடவேண்டாம். கேட்கப் போனால் வைத்தியரின் கடிதத்தைக் கொடுங்கள். எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கந்தோரில் கதை கேட்டால், எல்லாம் கடிதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.