விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றுக்கும் பொதுவாக ஒரு கோப்புறை

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ஹாலில் உள்ள மேசைக் கணினியில் விண்டோஸ் 11. இளைய மகளிடம் மேக்புக். என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்பதால் மகன் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பயன்படுத்துகிறான். குடும்பப் புகைப்படங்கள், மூத்த மகளின் திருமண வீடியோ என்று சுமார் 200 ஜிபி மூன்றிலும் சிதறிக் கிடக்கிறது. பென்டிரைவில் திருமண வீடியோ ஏற மறுக்கிறது. மேசைக் கணினியில் ஒரு கோப்புறையை ஷேர் செய்து பார்த்தேன். மற்ற இரண்டும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கின்றன; எதைக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. 'எஸ்எம்பி 1-ஐ இயக்கினால் சரியாகிவிடும்' என்று இணையத்தில் படித்தேன். செய்யலாமா? - மதுரை வாசகர்

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எஸ்எம்பி என்பது கணினிகள் ஒன்றின் கோப்பை மற்றொன்று கேட்டுப் பெறுவதற்கான மொழி. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து, மைக்ரோசாஃப்ட்டின் கையில் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளுக்கிடையே ஓடும் தரவைக் கவனித்துக் கவனித்தே இந்த மொழியைக் கற்று, 1992-இல் லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் கணினிகளுக்கென ஒரு நிரலை வெளியிட்டார். அதுதான் சாம்பா. இன்று லினக்ஸும் விண்டோஸும் பேசிக்கொள்வது அவர் போட்ட பாதையில்தான். ஆப்பிளும் 2013-இல் தன் சொந்த முறையைப் பின்னுக்குத் தள்ளி எஸ்எம்பி 2-ஐ முதன்மையாக்கியது. ஆக, உங்கள் வீட்டின் மூன்று கணினிகளுக்கும் பொதுமொழி ஏற்கெனவே இருக்கிறது. மூன்றுமே அதன் மூன்றாம் பதிப்பைப் பேசும்.

முதல் பதிப்பான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாகவே நீக்கப்பட்டது. சாம்பாவும் 2019-இல் அதை அணைத்துவிட்டது. மற்ற இரண்டு கணினிகளும் கைவிட்ட மொழியை உங்கள் கணினிக்கு மட்டும் கற்றுக்கொடுத்து என்ன பயன்? பிறகு ஏன் அந்த யோசனை இன்னும் உலவுகிறது என்றால், விண்டோஸின் 'நெட்வொர்க்' பட்டியலில் பிற கணினிகளின் பெயர்களைத் திரட்டிக் காட்டும் பழைய ஏற்பாடு எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. அது போனதும் பட்டியலில் பெயர்கள் காணாமல் போயின. பெயர் தெரியவில்லை என்பதால் கணினி இல்லை என்று ஆகிவிடாது. முகவரியைக் கொடுத்து நேராகப் போகலாம்.

இனி, உங்கள் கடவுச்சொல் ஏன் ஏற்கப்படவில்லை? விண்டோஸ் 11-ஐ நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலைக் கொடுத்து, நான்கு இலக்க பின் எண் ஒன்றை வைத்திருப்பீர்கள். தினமும் அந்த எண்ணைத்தான் தட்டுகிறீர்கள். அது அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். வலைப்பின்னல் வழியாக வருபவருக்குச் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும், பின் எண்ணை மட்டுமே பயன்படுத்திவந்த கணினி பல நேரங்களில் அதை ஏற்பதில்லை. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முட்டி நிற்கின்றன.

வழி எளிது: பகிர்வுக்கென்றே தனியாக ஒரு பயனரை உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ். புதிய கணக்கைச் சேர்க்கும்போது மின்னஞ்சல் கேட்கும். 'இவருடைய விவரம் என்னிடம் இல்லை' என்பதையும், அடுத்து 'மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். 'வீடு' (veedu) என்று வைத்துக்கொள்வோம். நல்ல கடவுச்சொல் ஒன்று கொடுங்கள். மகளின் மேக்கும் மகனின் மின்ட்டும் இந்தப் பெயரில்தான் உள்ளே வரும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

அடுத்து, பகிர வேண்டிய கோப்புறையின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங். அங்கே 'ஷேர்' என்ற பொத்தானும் 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்ற பொத்தானும் இருக்கும். முதலாவதையே அழுத்துங்கள். ஒரு பகிர்வுக் கோப்புறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு: வலைப்பின்னல் அனுமதி ஒன்று, வட்டில் உள்ள கோப்பு அனுமதி மற்றொன்று. இரண்டும் திறந்தால்தான் உள்ளே போகலாம். 'ஷேர்' பொத்தான் இரண்டையும் சேர்த்தே திறந்துவிடும். அட்வான்ஸ்டு வழியாகப் போனால் முதல் பூட்டு மட்டும் திறக்கும். கோப்புறை கண்ணுக்குத் தெரியும், திறக்க வராது. 'வீடு' பயனரைச் சேர்த்து, ரீட்-ரைட் என்று வையுங்கள். 'எவ்ரிஒன்' பட்டியலில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

விண்டோஸ் 11 புதிய இணைப்புகளைப் பொது இடமாகவே கருதி, பகிர்வை மறைத்துவிடும். ஆகவே நெட்வொர்க் செட்டிங்ஸில் உங்கள் வீட்டு இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றியாக வேண்டும். மகளோ மகனோ ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த வைஃபை வீட்டுக் கணினிகளைப் பார்க்க விடாது.

மேசைக் கணினியின் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும். ரூட்டரில் அந்த எண்ணை இக்கணினிக்கே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் நாளை மாறாது. மேக்கில் ஃபைண்டரைத் திறந்து, கமாண்ட் விசையுடன் கே அழுத்தினால் முகவரி கேட்கும் கட்டம் வரும். மின்ட்டின் கோப்பு மேலாளரில் கன்ட்ரோலுடன் எல். இரண்டிலும் எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள் (smb://), பிறகு அந்த எண். பயனர் பெயராக 'வீடு', கடவுச்சொல், நினைவில் வைத்துக்கொள் என்ற தேர்வு. முடிந்தது. மேசைக் கணினி உறக்க நிலைக்குப் போனால் இணைப்பு அறுந்துவிடும் என்பதால் பவர் செட்டிங்ஸில் அதை நிறுத்திவையுங்கள்.

200 ஜிபியை முதன்முறை மாற்றும்போது வைஃபையை நம்பாதீர்கள், கம்பி வழியே செய்யுங்கள். கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 110 எம்பி அளவுக்குப் போகும். அரை மணி நேர வேலை. ரூட்டரின் துளை 100 மெகாபிட் மட்டும்தான் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் (இருக்க வேண்டும் என்பது என் ஆசை) இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். 'கோவில்' என்று எழுதும்போது அந்த ஓகாரக் குறியை யூனிகோடு இரண்டு விதமாகச் சேமிக்க அனுமதிக்கிறது: ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. மேக்கில் ஜிப் செய்த கோப்புகளைப் பிற கணினிகளில் பிரிக்கும்போது பெயர்கள் இந்தப் பிரிந்த வடிவில் வரக்கூடும். அப்போது 'கோவில்' என்று தேடினால் கிடைக்காது. ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆகவே மகளின் படங்களை ஜிப்பாக்காமல் கோப்புறையாகவே நகலெடுங்கள். இரண்டாவது, நீளம். லினக்ஸின் வட்டில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை, உயிர்மெய் பலவற்றுக்கு இரண்டு குறியீடுகள். நாற்பத்தைந்து எழுத்தைத் தாண்டினாலே தகராறு வரலாம். விண்டோஸ் பைட் கணக்குப் பார்ப்பதில்லை என்பதால் அங்கே அதே பெயர் நன்றாக இருக்கும். மகன் தன் வட்டுக்கு நகலெடுக்கும்போதுதான் 'பெயர் நீளம்' என்று மறுக்கும். கேள்விக்குறி, நட்சத்திரக் குறி ஆகியவற்றையும் பெயர்களில் தவிர்த்துவிடுங்கள். மேக்கும் லினக்ஸும் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

பென்டிரைவ் கதை வேறு. அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அந்த முறை 4 ஜிபியை எட்டும் எந்தத் தனிக் கோப்பையும் ஏற்காது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். மூன்று கணினிகளிலும் படிக்கலாம், எழுதலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால் மேக் படிக்கும், ஆனால் எழுதாது.

ஒன்றை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: வலைப்பின்னல் வழியாக அந்தக் கோப்புறையிலிருந்து எதையாவது அழித்தால் அது மேசைக் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராக மறைந்துவிடும். திருமண வீடியோவை மூன்று பேரும் தொடக்கூடிய இடத்தில் வைக்கும் முன், ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி முழுவதையும் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். அதன் பிறகு 'வீடு' பயனரின் கடவுச்சொல்லை மகளிடமும் மகனிடமும் கொடுக்கலாம்.