வளைகுடாவில் இருந்து திரும்பிய 44 வயதுக்காரர், நாகர்கோவில் பக்கம் எலக்ட்ரீஷியன் ஆக முடியுமா?

முடியும். நானும் நாற்பதைத் தாண்டித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

கோணம் அரசு ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருடம். ஆனால் அரசு ஐடிஐ-யில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு இருக்கிறது. உங்களுக்கு ஏற்ற வழி, வேலைவாய்ப்பு பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது முடிந்திருந்தால் போதும், உச்ச வரம்பு கிடையாது. வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதனால் முதலில் உரிமம் பெற்ற ஒரு காண்ட்ராக்டரிடம் கையாளாகச் சேருங்கள். சின்னப் பையன் "அண்ணாச்சி, அந்த வயரை இழுங்க" என்று சொல்வான். இழுக்கத்தான் வேண்டும்.

நம் மாவட்டத்தில் நன்றாகக் கற்க வேண்டியது எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தைக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறக்கும் வேலை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், எர்த் கம்பி பார்வைக்கு இருக்கும், வேலை செய்யாது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை வேறு, சுவர் ஈரத்தில் மின்கசிவு வரும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் பொருத்தியிருந்தால் அந்தக் கசிவு ஆளைக் கொல்வதற்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். இதை வீட்டுக்காரரிடம் வாதாடியாவது மாட்டுங்கள். அது மனித உயிர்.

அப்புறம், விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர். ஏணி ஏறும்போது முட்டி வலிக்கும், உண்மைதான். ஆனால் மெயினை அணைத்துவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பொறுமை நம் வயதில் இயல்பாகவே வருகிறது.