நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

கேள்வி: லினக்ஸ் டெர்மினலில் ஜிஜிப் *.லாக் என்று அடித்தால் எல்லா லாக் கோப்புகளும் சுருங்கிவிடுகின்றன. பைத்தானில் சப்பிராசஸ்.ரன்(["ஜிஜிப்", "*.லாக்"]) என்று எழுதினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. ஷெல்=ட்ரூ சேர்த்தால் வேறொரு பிழை. எங்கே தவறு?

பதில்: டெர்மினலில் நட்சத்திரத்தை விரித்துக் கொடுப்பது ஜிஜிப் அல்ல, ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல். ஜிஜிப்பின் கைக்கு வரும்போது கோப்புப் பெயர்கள் மட்டுமே இருக்கும். சப்பிராசஸோ, ஷெல்=ட்ரூ என்று கேட்டாலொழிய, ஷெல்லை நடுவில் வைப்பதில்லை. அதனால் ஜிஜிப், "*.லாக்" என்றே பெயருள்ள கோப்பைத் தேடிவிட்டுக் கைவிரிக்கிறது.

ஷெல்=ட்ரூ போட்டுவிட்டுப் பட்டியலையும் கொடுத்ததுதான் இரண்டாவது பிழை. லினக்ஸில் அப்போது பட்டியலின் முதல் உறுப்பு மட்டுமே கட்டளை. மற்றவை ஷெல்லுக்கான அளவுருக்களாகிவிடும். கோப்பே இல்லாமல் ஓடும் ஜிஜிப், சுருக்கிய தரவைத் திரையில் கொட்ட மாட்டேன் என்று முறையிடும். முழுக் கட்டளையையும் ஒரே சரமாக எழுதினால் ஓடும்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் பெயரை அதில் ஒட்டினால், அதிலுள்ள ஓர் அரைப்புள்ளி போதும், வேறு கட்டளையே ஓடிவிடும். அந்த வழி வேண்டாம்.

பைத்தானே விரிக்கட்டும், அதன் குளோப் செய்யும் வேலை அதுதான்:

கோப்புகள் = சார்ட்டட்(குளோப்.குளோப்("*.லாக்"))
இஃப் கோப்புகள்: சப்பிராசஸ்.ரன்(["ஜிஜிப்", "--"] + கோப்புகள், செக்=ட்ரூ)

குளோப் தரும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை, அதனால்தான் சார்ட்டட். பெயர் "-" என்று தொடங்கினாலும் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளாமல் "--" தடுக்கும். அந்த இஃப்பை விட்டுவிடாதீர்கள்: எதுவும் பொருந்தாவிட்டால் குளோப் வெற்றுப் பட்டியலைத் தரும். கோப்பைத் திரையில் காட்டும் கேட் போன்ற கருவி அப்போது கீபோர்டிலிருந்து உள்ளீடு வருமென்று காத்துக்கொண்டே நிற்கும். ஸ்கிரிப்ட் தொங்கிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

இன்னொரு பொறி: ரன்னில் சி‌டபிள்யூடி (கட்டளை ஓடவேண்டிய அடைவு) கொடுத்தால் அது ஜிஜிப்புக்கு மட்டும்தான். குளோப் ஸ்கிரிப்ட் ஓடும் அடைவிலேயே தேடும். பைத்தான் 3.10 முதல் குளோப்புக்கு ரூட்_டிர் (தேட வேண்டிய அடைவு) தரலாம். இரண்டிலும் ஒரே பாதையைக் கொடுங்கள். ஹோம் அடைவைக் குறிக்கும் "~" குறியையும் குளோப் விரிக்காது, ஓஎஸ்.பாத்.எக்ஸ்பாண்ட்யூசர் வேண்டும்.

கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்தால் "அளவுருப் பட்டியல் மிக நீளம்" என்று பிழை எண் 7 வரலாம். 500 500ஆகப் பிரித்து அனுப்புங்கள்.

கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளை மட்டும் இதற்கு நேர்மாறு. அதன் -நேம் ஆப்ஷன் கேட்பதே நட்சத்திரத்தோடு கூடிய வடிவத்தைத்தான், அதை விரிக்காமல் அப்படியே கொடுங்கள். டெர்மினல் பழக்கத்தில் உள்ளே இன்னொரு மேற்கோள் குறி போட்டால், அதையும் பெயரின் பகுதியாகவே தேடும்.