அம்பாசிடர் ரிம்மில் மீண்டும் கிளம்பும் துரு

வணக்கம். உங்கள் பழைய அம்பாசிடரின் இரும்பு ரிம்களுக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து 6 மாதத்திற்குள், டயர் விளிம்பை ஒட்டிக் கொப்புளம் கிளம்பியதாக எழுதியிருந்தீர்கள். டயரைக் கழற்றாமலேயே அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். டயர் உட்காரும் இடத்தில் மிஞ்சிய துருதான் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பெயின்டுக்கு அடியில் பரவுகிறது. டயரையும் ட்யூபையும் எடுத்துவிட்டு, வெறும் இரும்பு தெரியும்வரை சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை உரிப்பது) செய்து, வெறுங்கை படாமல் அன்றே எபாக்சி பிரைமர் என்ற துரு தடுக்கும் அடிப்பூச்சை அடிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓர் இரவு விட்டாலே வெறும் இரும்பில் செந்நிறத் துருப்பொடி படர்ந்துவிடும். பேனா முனை இறங்கும் அளவுக்குத் துருக்குழி இருந்தால், பட்டி (குழி நிரப்பும் பசை) வைத்து மறைக்காமல் அந்த ரிம்மை ஒதுக்கிவிடுங்கள். பிரேக் டிரம்மோடு ஒட்டும் முகத்திலும் நட்டு அமரும் கூம்புக் குழிகளிலும் கனமாக அடிக்க விடாதீர்கள், ஏனெனில் பெயின்ட் நசுங்கியதும் நட்டு தளரும். 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.