அந்தக் கிழவர் அவனுக்கு யார்?

கேள்வி: எனக்கு 66 வயது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை 30 வருடம் ஓட்டினேன். இப்போது வண்டன்மேட்டுப் பக்கம் தனியாக இருக்கிறேன். மனைவி போய் 3 வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில், காய் எடுக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். அவர்களுடைய 9 வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் வீட்டுக்குத்தான் வருவான். பள்ளியில் மலையாளம், வீட்டில் இந்தி, என்னிடம் தமிழ். 'அப்' என்ற கார்ட்டூன் படத்தைப் போனில் மூன்று முறை சேர்ந்து பார்த்தோம். "தாதா, அந்தக் கிழவர் அந்தப் பையனுக்கு யாரு?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன மாதம் கம்பத்திலிருந்து வந்த என் மகள், அவள் அம்மாவின் தையல் மிஷின் மேல் அவன் நோட்டை விரித்து எழுதுவதைப் பார்த்துச் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டாள். "சீசன் முடிஞ்சா அவங்க போயிடுவாங்க, அப்புறம் உக்காந்து அழாதீங்கப்பா" என்கிறாள். சினிமாவில் சரி, நிஜத்தில் இதெல்லாம் நிற்குமா?
— வண்டன்மேடு வாசகர்

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் அந்த 'தாதா'. இந்தியில் அது அப்பாவைப் பெற்ற தாத்தா. நம் பக்கத்து டீக்கடையில் அதைக் கேட்டால் ரவுடி என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், திருத்தாதீர்கள். உங்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்பதை அந்தப் பையன் எப்போதோ முடிவு செய்துவிட்டான். இன்னும் முடிவு செய்யாதவர் நீங்கள்தான்.

அந்தப் படம் 2009இல் வந்தது. உங்கள் கடிதத்துக்காக மறுபடி பார்த்தேன். 78 வயது கார்லுக்கு 8 வயது ரஸ்ஸல் யார்? படம் தொடங்கும்போது யாருமில்லை. முதியவருக்கு உதவினால் ஒரு பேட்ஜ் கிடைக்கும் என்று கதவைத் தட்டிய பையன், அவ்வளவுதான். கிழவரோ, தோட்டத்தைத் தின்னும் ஒரு பறவையைப் பிடித்து வா என்று கதை விட்டு அவனைத் துரத்தப் பார்க்கிறார். இறந்த மனைவி ஆசைப்பட்ட ஓர் அருவிக்குப் போகக் கிழவர் பலூன் கட்டிய வீடு வானத்தில் போகும்போது கதவைத் திறந்தால் வாசலில் அவன் நிற்கிறான். விரும்பிச் சேர்த்துக்கொண்ட துணை இல்லை, ஒட்டிக்கொண்டு வந்த துணை. உங்கள் வீட்டுக்கு வந்தவனும் அப்படித்தானே?

(பையனுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். படத்தில் வரும் அருவி கற்பனை. ஆனால் அதற்கு முன்மாதிரியான ஏஞ்சல் அருவி நிஜமாகவே வெனிசுவேலாவில் இருக்கிறது. 979 மீட்டர் உயரம். நம் சுருளியை அதன் பக்கத்தில் வைத்தால் வாய்க்கால் மாதிரித்தான் இருக்கும்.)

இனி தையல் மிஷின். உங்கள் சிக்கல் முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கார்லின் மனைவி எல்லி சின்ன வயதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருப்பாள். அந்த அருவிக்குப் போய்ச் செய்யப்போகும் சாகசங்களுக்காகப் பக்கங்களைக் காலியாக விட்டிருப்பாள். கடைசிவரை போகவே முடியவில்லை. கார்ல் வீட்டையே இழுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் நோட்டை முழுவதும் புரட்டுகிறார். காலி என்று நினைத்த பக்கங்களில் அவர்கள் குடும்பம் நடத்திய காலத்துப் படங்களை எல்லி ஒட்டி வைத்திருக்கிறாள். இந்தச் சாகசத்துக்கு நன்றி, இனி நீ புதிதாக ஒன்றுக்குக் கிளம்பு என்று கடைசியில் எழுதியும் இருக்கிறாள். அப்புறம்தான் கார்ல் சாமான்களை எல்லாம் வெளியே தள்ளுகிறார். இருவரும் அருகருகே உட்கார்ந்த நாற்காலிகள் பாறை மேல் நிற்கின்றன. பாரம் இறங்கியதும் வீடு எழும்புகிறது. அவர் கிளம்புவது பையனைக் காப்பாற்ற.

இதைப் பார்த்துவிட்டு நீங்களும் மிஷினை ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தால், அவசரப்படாதீர்கள். கார்லுக்குப் பிள்ளை இல்லை. அந்த நாற்காலிகள் மேல் உரிமை உள்ள இன்னொரு ஆள் உலகத்தில் கிடையாது. உங்களுக்கு மகள் இருக்கிறார். அந்த மிஷினில் தைத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பார். அவருக்கு அது மேசையாகத் தெரியுமா? உங்களிடம் எனக்குக் குறை அங்கேதான். பையனைச் சேர்த்துக்கொண்டது தப்பே இல்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது தப்பு. 20 நிமிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனில் பேசுங்கள். மிஷின் கம்பத்துக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டால் நீங்களே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுங்கள். பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் மேசை போதும்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்" என்ற பழமொழியை யாராவது ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஊரார் பிள்ளைக்குப் போடும் சோற்றிலும் தன் பிள்ளைக்கு வரவு பார்க்கும் கணக்கு அது.

பையனுக்கு அம்மா இருக்கிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். படத்திலும் இந்த இடத்தைக் கவனித்துத்தான் செய்திருக்கிறார்கள். ரஸ்ஸலின் அப்பா வராத பேட்ஜ் விழாவில் கார்ல் மேடையேறிப் பக்கத்தில் நிற்கிறார். கீழே அம்மா உட்கார்ந்து பார்க்கிறார். அப்பாவுக்குப் பதில் ஆளாக அவர் அங்கே போகவில்லை, காலியாகக் கிடந்த இடத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். அதனால் நீங்களும் அந்தத் தாய் தோட்டத்திலிருந்து திரும்பும் நேரத்தில் நேரில் பேசிவிடுங்கள். எத்தனை மணிவரை பையன் இருக்கலாம், என்ன சாப்பிடலாம், எங்கே கூட்டிப் போகலாம் என்று அவரே சொல்லட்டும். வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும். ஊர் வாயை விடுங்கள், காய் எடுக்கும் அந்த அம்மாவுக்கு மனசு நிம்மதியாக இருக்க வேண்டும்.

போய்விடுவார்களே என்ற பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. கேரளத்தில் இவர்களை 'அதிதி தொழிலாளி' என்கிறார்கள். அதிதி என்றால் விருந்தாளி, விருந்தாளி என்றால் கிளம்புகிறவர். உங்கள் மகள் சொல்வது நடக்கலாம், நீங்கள் அழவும் செய்யலாம். 30 வருடம் விடியற்காலையில் ஆள் ஏற்றி, சாயங்காலம் அதே ஆட்களை இறக்கிவிட்டவர் நீங்கள். இறங்கப் போகிறவர்கள்தானே என்று யாரையாவது ஏற்றாமல் விட்டதுண்டா? அடுத்த வருடமும் இங்கேதான் இருப்பாய் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் போன் நம்பரை அவன் நோட்டின் பின் அட்டையில் தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் பேர் போட்டு எழுதிக் கொடுங்கள். இந்தி எழுத்தை அவனே எழுதட்டும்.

நிற்குமா என்று கேட்டீர்கள். ரஸ்ஸல் காட்டில் ஓரிடத்தில், அப்பாவோடு ஐஸ்கிரீம் கடை வாசலில் உட்கார்ந்து போகிற கார்களை எண்ணியதைச் சொல்வான். அப்பாவுக்குச் சிவப்பு, அவனுக்கு நீலம். சலிப்பான விஷயம்தான், ஆனால் அதுதான் தன் நினைவில் நிற்கிறது என்பான். படத்தின் கடைசியில் கார்ல் அவனோடு அதே மாதிரி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து கார் எண்ணுவார். பறந்த வீடு, பேசும் நாய், வில்லன் எல்லாம் முடிந்த பிறகு.

கேரள எல்லையில் கம்பம்மெட்டுப் பக்கம் சாயங்காலம் வண்டிகள் இறங்கும் நேரம் உங்களுக்குத் தெரியாததா? அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காருங்கள். கே.எல். நம்பர் அவனுக்கு, டி.என். உங்களுக்கு. மகளையும் வரச் சொல்லுங்கள். வந்தால் லாரிகள் எல்லாம் அவர் கணக்கில்.